தாராளவாதப் பெண்ணிய நோக்கில் குடும்பச் சமத்துவம்: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் மண்டலத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சட்டம், கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் சமஉரிமை கிடைத்தால் பெண் சமநிலை எய்துவாள் என்பது தாராளவாதப் பெண்ணியத்தின் அடிப்படைக் கருத்தாகும். இவ்வுரிமைகள் குடும்பத்தின் உள்ளே எவ்வளவு தூரம் செல்கின்றன என்பதை ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியை முன்வைத்து, நிலவுரிமை, இரவுப் பணி, இல்லப்பணி ஆகிய மூன்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாராளவாதப் பெண்ணியம், குடும்பம், சொத்துரிமை, இல்லப்பணி, ஓசூர்.

முன்னுரை

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் எல்லைநகரம் ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டையும் அடுத்த பத்தாண்டில் டைட்டன் கைக்கடிகார ஆலையும் இந்நகரின் முகத்தை மாற்றின. இன்று டாட்டா எலக்ட்ரானிக்ஸ் இளம்பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தி விடுதி வசதியும் அளிக்கிறது. போச்சம்பள்ளி அருகேயுள்ள தனது ஆலையைப் பெண்களே இயக்குவர் என்று ஓலா எலக்ட்ரிக் 2021இல் அறிவித்தது. ஆலையின் கதவு பெண்ணுக்குத் திறந்துள்ள இம்மண்டலம், வீட்டிற்குள் நிலவும் சமத்துவத்தை அளந்து பார்க்க ஏற்ற களமாகும்.

கோட்பாட்டுப் பின்புலம்

மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் (1792) பெண்கல்வியை வலியுறுத்தினார். ஜான் ஸ்டூவர்ட் மில் (1869) திருமணச் சட்டத்தில் பெண் அடிமைப்பட்டிருப்பதைக் கண்டித்தார். சூசன் மோலர் ஓகின் தமது ‘நீதி, பாலினம், குடும்பம்’ (1989) என்னும் நூலில், நீதி பற்றிய கோட்பாடுகள் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன என்று சுட்டினார். குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஊதியம் ஈட்டினாலும் அவ்வருவாயில் கணவன், மனைவி இருவருக்கும் சமமான சட்ட உரிமை வேண்டும் என்பது அவரது வாதம். தமிழ்ச் சூழலில், பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது.

நிலவுரிமை

ஓகினின் நூல் வெளிவந்த அதே 1989இல், இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளித்தது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் உள்ள மகளுக்கு அவ்வுரிமை கர்நாடகத் திருத்தத்தின் வழி 1994இல்தான் கிட்டியது. ஆயினும் இரு சட்டங்களும் அவை நடைமுறைக்கு வருமுன் மணமான மகளை விலக்கின. திருமணமானவள் பிறந்த வீட்டிற்கு அயலாள் என்ற மரபுக் கருத்து, சமத்துவச் சட்டத்தினுள்ளும் இடம்பெற்றிருந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கியது. தந்தை 2005இல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது.

எனினும், தாய்வீட்டுச் சீரையும் உறவையும் இழக்க அஞ்சிச் சகோதரர்களுக்குப் பெண்கள் எழுதித்தரும் ஆவணத்திற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்றே பெயர். உரிமையைக் கைவிடுதல் இங்கு விடுதலை எனப்படுகிறது. தொழில் வளர்ச்சியால் நிலமதிப்பு உயர்ந்த பகுதியில் இக்கையொப்பத்தால் பெண் இழப்பதும் மிகுதி.

இரவுப் பணி

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் இரவுப் பணியைத் தடைசெய்திருந்தது. பாதுகாப்பின் பெயரால் அமைந்த அத்தடை பாகுபாடே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்து, உரிய பாதுகாப்பு நிபந்தனைகளையும் வகுத்தது. தாராளவாதப் பெண்ணியத்தின் தெளிவான வெற்றி இது. ஆனால் இரவுப்பணி முடித்துத் திரும்பும் மனைவிக்காகக் காலைச் சமையல் காத்திருக்குமாயின், அவள் பெற்றது இரண்டாம் பணிநேரமேயன்றிச் சமத்துவம் அன்று.

இல்லப்பணி

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற இல்லப்பணியில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிட்டனர். அதில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டதோ 88 நிமிடங்கள். ஆலை விடுதியில் சமையல் ஊதியம் பெறும் ஒருவரின் தொழில். அதே பெண் மணமாகிச் செல்லும் வீட்டில் அது அவளது கடமை. வேலை மாறவில்லை, அதற்கான மதிப்பே மறைந்துவிடுகிறது.

இம்மதிப்பைச் சட்டம் ஏற்ற தருணமும் உண்டு. வெளிநாட்டில் கணவன் ஈட்டி அனுப்பிய பணத்தில் வாங்கிய சில சொத்துகளில், இல்லத்தைப் பேணிய மனைவிக்குச் சரிபாதி உண்டெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய இத்தீர்ப்பு, ஓகினின் வாதத்திற்கு மிக அணுக்கமானது. ஆயின் இவ்வுரிமை வழக்காடுவோருக்கே கிட்டுவது. எல்லா மனைவியருக்கும் அதனை உறுதிசெய்யும் தனிச்சட்டம் இல்லை.

முடிவுரை

• நிலவுரிமையிலும் பணியுரிமையிலும் தாராளவாதப் பெண்ணியத்தின் கோரிக்கைகள் இம்மண்டலத்தில் சட்டநிலையில் பெரிதும் நிறைவேறியுள்ளன.

• அவ்வுரிமைகளை விட்டுக்கொடுக்கும்படி பெண்ணை இணங்கவைக்கும் இடமாகக் குடும்பமே உள்ளது.

• ஆகவே, இல்லப்பணியின் பொருள்மதிப்பையும் மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் சமபங்கையும் சட்டமாக்குதல் இக்கோட்பாட்டின் அடுத்த கட்டமாக அமைதல் வேண்டும்.

• சமையலறையை ஆணும் பகிர்வது சட்டத்தால் மட்டும் நிகழாது. தாராளவாதப் பெண்ணியத்தின் எல்லை அங்கே புலப்படுகிறது. பெண்ணின் ஊதியநாளை மட்டுமன்றி அவளது முழுநாளையும் கணக்கிடும்போதே ஓசூரின் தொழில் வளர்ச்சியைப் பெண்முன்னேற்றம் எனக் கூறவியலும்.