ஜில் ஜில் ரமாமணியின் பேச்சு

1968-ல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்', ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையைத் தழுவி ஏ. பி. நாகராஜன் இயக்கிய படம். நாதஸ்வரமும் நாட்டியமும் போட்டியிடும் அக்கதையில், நாடகக் கம்பெனி நடிகை ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வருகிறார்.

நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் ரமாமணிக்கு ஒரு சந்தேகம். அந்தச் சத்தம் அவருடைய நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா? கேட்ட நாம் சிரித்து விடுகிறோம். அவளோ வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். நகைச்சுவை பிறப்பது அங்கேதான். வித்துவானோ மகா கோபக்காரர். என்ன சொல்வாரோ என்றிருக்கும்போது, சிவாஜி கணேசன் முகத்தாலேயே பதில் சொல்லிவிடுகிறார். எதிரே நிற்பவர் இப்படிக் கேட்டுக்கொள்ளாவிட்டால் அந்த வசனம் பாதிதான் எடுபட்டிருக்கும்.

வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசினால் மட்டும் ரமாமணி ஆகிவிட முடியாது. (நம் தோழியரில் முயன்று பார்க்காதவர் யார்!) மனோரமா நாடக மேடையிலிருந்து வந்தவர், 1958-ல் வந்த 'மாலையிட்ட மங்கை' அவரது முதல் தமிழ்ப் படம். நாடகக்காரி என்றாலே ஊரார் இளக்காரமாகப் பார்த்த காலத்துக் கதை இது. அவரோ ரமாமணியைக் கேலிப்பொருளாக்கவில்லை. மினுக்கும் குலுக்கும் நிறைந்த அவளையே, பிறர் துன்பம் கண்டால் மனம் கலங்கும் பெண்ணாகவும் காட்டுகிறார். அவள் வரும்போது சிரித்த நாம், போகும்போது மரியாதையோடு பார்க்கிறோம்.