பாங்காக்கில் பட்டினியா?

கேள்வி: விடுமுறைக்குக் குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். நான் வீகன், பால், முட்டைகூடத் தொடுவதில்லை. பழமும் பிரெட்டும்தான் கதியா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அதெல்லாம் வேண்டாம். ‘ஜே’ என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அது தொங்கும் கடையில் மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். சீன வழி வந்த விரதச் சமையல் அது. பொதுவாகச் சைவத்தைக் குறிக்கும் ‘மங்சவிரத்’ என்றால் மட்டும் உஷார், முட்டையும் பாலும் வரலாம்.

மற்ற கடைகளில் கறித்துண்டு கண்ணில் படவில்லையே என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வெறும் கீரை வதக்கலில்கூட மீன் சாஸோ சிப்பி சாஸோ ஊற்றுவார்கள். பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால் விழும். கிரீன் கறிக்கு அரைக்கும் மசாலாவிலேயே பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், பிறகு எடுக்க வழியில்லை.

பயணத் தேதியை மாற்ற முடியுமா? சீன நாட்காட்டியின் 9-ஆம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில், 9 நாள் ஜே திருவிழா வரும். சைனா டவுனான யாவ்வராத் முழுக்க மஞ்சள் கொடிதான். கோதுமைப் புரதத்தில் செய்த போலி இறைச்சியும் குவிந்திருக்கும். எனக்கு அதில் ஆர்வமில்லை, காளான் பக்கம் போங்கள். மாம்பழத்தோடு தரும் ஒட்டரிசிச் சோற்றை விட்டுவிடாதீர்கள். அதில் ஊற்றுவது தேங்காய்ப்பால்தான்.