நிரல் கற்பிக்கும் காணொளியும் அதன் சந்தாதாரரும்

அறிவு ஒருவரிடத்தே அடங்கிக் கிடக்குமாயின் அதனால் உலகிற்கு ஆம் பயன் யாதுமில்லை. பிறர்க்கு விளங்குமாறு எடுத்துரைக்கப்பட்ட பின்னரே அது கல்வி என்னும் பெயர்க்கு உரியதாகின்றது. எடுத்துரைக்கும் வழியோ காலந்தோறும் மாறி வந்துளது. ஓலைச் சுவடியும் திண்ணைப் பள்ளியும் ஒரு காலத்து வழிகள்; அச்சுப் புத்தகமும் மாதப் பத்திரிகையும் பிறிதொரு காலத்து வழிகள். இக்காலத்து வழிகளுள் ஒன்று காணொளி. கணிப்பொறி நிரல் எழுதக் கற்போர்க்குச் சிறு குறிப்புகளைக் காணொளியாக்கி வழங்குவது எங்ஙனம், அவற்றைத் தொடர்ந்து காணும் சந்தாதாரரைப் பெறுவது எங்ஙனம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கனுக்கு இதில் என்ன வேலை என நண்பர்கள் வினவக்கூடும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் சிற்றப்பனார் மகன் திருவண்ணாமலைக்கு அணித்தாகச் செங்கம் சாலையிலுள்ள ஒரு சிற்றூரினன். எனக்கு ஓராண்டு இளையவன். பள்ளியிறுதி வரை தமிழ் வழியிற் பயின்று, கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்று, ஒரு கலாசாலையிற் கணிப்பொறி அறிவியல் வகுப்பிற் சேர்ந்தான். முதற் பருவத்திலேயே நிரலாக்கத் தாளில் தவறினான். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என்னிடம் வந்து, "அண்ணா, எனக்கு அவ்வளவு மூளை இல்லை போலிருக்கிறது. படிப்பை விட்டு அப்பாவோடு நிலத்தைப் பார்க்கப் போகிறேன்" என்றான். அவன் எழுதிய நிரல் ஒன்றைக் காட்டுமாறு கேட்டேன். இரண்டு எண்களைப் பெற்றுக் கூட்டிச் சொல்லும் எளிய நிரல் அது. ஐந்தும் ஐந்தும் கொடுத்தால் பத்து என்னாது, 55 என்றது. பலமுறை திருத்தியும் அவனுக்குக் காரணம் புலப்படவில்லை; எனக்கோ அத்துறையே புதிது.

அன்று மாலை இருவரும் தேடித் தமிழில் அமைந்த காணொளிப் பாடம் ஒன்றைக் கண்டோம். அதில் கூறியது இதுவே. பைத்தான் என்னும் நிரல்மொழியில் 'இன்புட்' என்னும் கட்டளை வழியாகப் பெறுவது எதுவாயினும், கணிப்பொறி அதனை எண்ணாகக் கொள்ளாது. எழுத்துச் சரமாகவே கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்குமேயன்றித் தொகையாகாது. 'இன்ட்' என்னும் கட்டளையால் எண்ணாக மாற்றிய பின் கூட்டினாற் பத்து வரும். எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசும் மரபினர் நாம்; இங்கோ அவ்விரண்டையும் பிரித்தறிதலே பாடமாயிற்று. சில நிமிடங்களில் அவனுக்குத் தெளிவு பிறந்தது. அவனுக்குக் குறைந்தது மூளையன்று. விளங்கும் மொழியில் சொல்லுவாரே குறைந்தனர் என்பதை அப்பொழுது உணர்ந்தேன்.

இவ்வாறு புதிய கலையைத் தாய்மொழியிற் கற்பிக்கும் முயற்சி நம்மவர்க்குப் புதிதன்று. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் தொடங்கிய 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்திகளையும் அறிவுரைகளையும் வெளியிட்டது. 1847இல் அவ்விடம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்குவித்தார்.

நம் காலத்தும் அத்தகையோர் உளர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், ஏறத்தாழப் பத்து நிமிட அளவினவாகிய பாடங்களை ஆக்கி, அவற்றின் ஒலியைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் மாற்றி வழங்குகின்றது. சென்னையில் அருண் பிரகாஷ், ஸ்ரீதேவி, பாலமுருகன் ஆகியோர் தொடங்கிய 'குவி', முதலில் யூடியூபில் காணொளி வெளியிடும் சிறு முயற்சியாக இருந்து, 2014இல் நிறுவனமாக வளர்ந்தது, 2022இல் எச்.சி.எல். நிறுவனம் அதன் பெரும் பங்கைப் பெற்றது. 2012இல் த. சீனிவாசன் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி, எவரும் பகிர்ந்துகொள்ளும் உரிமையுடன் வெளியிட்டு வருகின்றது.

இவற்றைக் கண்ட ஊக்கத்தால் யாங்களும் பாடங்கள் ஆக்கத் துணிந்தோம். எங்கள் முதற் பாடம் நாற்பது நிமிடம் நீண்டது. பைத்தான் முழுவதையும் ஒரே மூச்சிற் சொல்லிவிட எண்ணினோம். எங்கள் வீட்டாரைத் தவிர அதனை இறுதிவரை கண்டவர் எவருமிலர். அத்தோல்வியே எங்களுக்கு ஆசிரியனாயிற்று. அதனால் அறிந்தவற்றைக் கீழே தொகுத்துக் கூறுவேன்.

முதலாவது, ஒரு பாடத்திற்கு ஓர் ஐயமே போதும். எம்மூர் மலையைச் சுற்றும் பாதை ஏறக்குறையப் 14 கிலோமீட்டர். அதில் எட்டு இலிங்கங்கள் இடையிடையே நிற்றலால், நடப்போர் அடுத்த இடத்தை மட்டும் கருதி நடந்து, முழு வழியையும் கடந்துவிடுகின்றனர். பாடமும் அங்ஙனமே பகுக்கப்படல் வேண்டும். பௌர்ணமி இரவில் தண்ணீர்ப் பந்தல் வைப்போர் நடப்பவர் களைக்கும் இடத்தை அறிந்து வைப்பர். கற்போன் இடறும் இடம் எதுவோ அதுவே பாடத்திற்கு உரிய இடமாம்.

இரண்டாவது, பேசுமுன் எழுதுக. ஸ்போக்கன் டுடோரியல் முறையில் ஏட்டை இரு பத்தியாகப் பிரித்து, ஒன்றில் திரையிற் காட்டுவதையும் மற்றொன்றிற் சொல்வதையும் எழுதுவர். அவ்வெழுத்தைத் துறையறியாத ஒருவர் செய்துபார்த்துத் தேறிய பின்னரே பதிவு செய்வர். எங்கள் பாடங்களுக்கு அத்துறையறியாதவன் யானே! எனக்கு விளங்காத வரியை என் தம்பி மூன்று முறையாயினும் மாற்றி எழுதுவான்.

மூன்றாவது, கலைச்சொல். இதில் எங்களுக்குள் பெரும் பூசல் விளைந்தது. மாறி, மடக்கு, செயற்கூறு எனத் தூய தமிழ்ச் சொற்களையே ஆளவேண்டுமென யான் வற்புறுத்தினேன். அவனோ, "நேர்முகத் தேர்வில் வேரியபிள், லூப் என்று கேட்பார்கள். அப்பொழுது நான் மடக்கு என்று சொன்னால் வேலை கிடைக்குமா அண்ணா?" என்றான். எனக்கு விடையில்லை. என் தமிழ்ப் பற்று பிறன் ஒருவனுடைய பிழைப்பிற்கு இடையூறாகலாகாது என எண்ணி, ஒருவாறு உடன்பட்டோம். பொருளை விளக்கத் தமிழ்ச் சொல் முன்வரும். உடனே வழக்கிலுள்ள ஆங்கிலச் சொல் தொடரும். 'மடக்கு' என்றதும் மடங்கி மடங்கி வருதல் கற்போன் மனத்தில் தோன்றுகின்றது. 'லூப்' என்றதும் உலக வழக்கு கைவருகின்றது. இரண்டும் வேண்டுவனவே.

நான்காவது, பதிவு. திரையைப் பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. பலர் கைப்பேசியிற் காண்பர். ஆதலின் நிரலின் எழுத்துகளைப் பெரிதாக்குதல் இன்றியமையாதது. படத்தின் குறையைக் காண்போர் பொறுப்பர். ஒலியின் குறையைப் பொறார். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திப் பேசுதல் நன்று.

ஐந்தாவது, சந்தாதாரரைப் பெறுதல். பத்திரிகைச் சந்தாதாரர் பணம் செலுத்துபவர். காணொளிச் சந்தாதாரரோ பொருள் எதுவும் கொடாமல், மீண்டும் வருவேன் என்னும் நம்பிக்கையை மட்டும் கொடுப்பவர். அந்நம்பிக்கை தலைப்பிலிருந்தே தொடங்குகின்றது. 'பைத்தான் பாடம் இரண்டு' என்று பெயரிட்டபோது எவரும் வரவில்லை. 'ஐந்தும் ஐந்தும் கூட்டினால் 55 வருவது ஏன்?' என்று மாற்றியபின், அதே இடர்ப்பாட்டில் நின்றவர்கள் தேடி வந்தனர். குறித்த கிழமையில் தவறாது வெளியிடுதலும், ஒரு பாடத்தின் இறுதியில் அடுத்ததைச் சுட்டுதலும், வகுப்புத் தோழர்க்கு நேரிற் காட்டுதலும் பயன் தந்தன. பணம் கொடுத்துச் சந்தாதாரர் தொகையைப் பெருக்குவது பயனற்றது; அவர்கள் எண்ணாக இருப்பரேயன்றி மாணாக்கராக இரார்.

இதனாற் பொருள் ஈட்டலாமோ எனிற் கணக்கிட்டுப் பார்ப்போம். நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயிற் பங்கு பெற, 1,000 சந்தாதாரரும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018இல் யூடியூப் வகுத்த விதி. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஏழு நிமிடப் பாடத்தை ஒவ்வொருவரும் முழுதும் கண்டாலும் 34,000 முறைக்கு மேல் காணப்படல் வேண்டும். ஆதலின் ஊதியத்தை மட்டும் கருதித் தொடங்குவோன் இடைவழியில் நின்றுவிடுவான்; கற்பித்தலில் விருப்புடையோனே நிலைப்பான். அன்றியும், கற்பிப்பவன் இருமுறை கற்கிறான். தவறிய தாளில் என் தம்பி அடுத்த தேர்விலேயே தேறினான். நிலத்தைப் பார்க்கப் போகும் பேச்சு நின்றது.

எங்கள் சந்தாதாரர் இன்னும் மிகச் சிலரே. ஆயினும் ஒருநாள் அவன் விடுதி அறைக்கு முதலாண்டு மாணவன் ஒருவன் வந்து, "அண்ணா, அடுத்த பாடம் எப்பொழுது?" என்று கேட்டானாம். அவனும் தமிழ் வழியிற் பயின்றவனே. அதனை என்னிடம் சொல்லும்போது என் தம்பியின் முகத்திற் கண்ட மகிழ்ச்சி எந்தத் தொகையாலும் அளக்கத்தக்கதன்று.

மாணவ நண்பர்களே! கணிப்பொறி பயில்வோர் ஒரு கட்டடத்திலும் தமிழ் பயில்வோர் மற்றொரு கட்டடத்திலும் இருக்கின்றோம். இடையிலுள்ள தூரம் சில அடிகளே. நிரலறிந்தவரும் மொழியறிந்தவரும் ஒரு மேசையில் அமர்வாராயின், சிற்றூரிலிருந்து வந்து "எனக்கு மூளை இல்லை" என்று மனமுடையும் ஒருவனையேனும் படிப்பிலே நிறுத்தலாம். அவ்வொருவனுக்காகவே முதற் பாடத்தைத் தொடங்குவோமாக.