பிளவர்ஹார்ன் என்னும் கலப்பின மீனுக்கு ஏற்ற தொட்டி

அலங்கார மீன் வளர்ப்பு, சென்னையைச் சேர்ந்த கொளத்தூர் முதலிய இடங்களில் பல குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக விளங்குகின்றது. நல்ல கிணற்று ஜலமும் சிறிது நிழலிடமும் உடைய விவசாயிகளும் இதனை உபதொழிலாகக் கைக்கொள்ளலாம். அவ்வாறு கைக்கொள்வோரின் கண்ணை முதலில் கவருவது பிளவர்ஹார்ன் என்னும் மீனாகும். நெற்றியில் திமில் போல் எழும் மேடும், விலாவில் எழுத்துப்போல் படரும் கரும்புள்ளிகளும் இதற்கு மிகுந்த விலையைத் தருகின்றன. ஆயினும், தகுந்த தொட்டியின்றி இதனை வாங்கியவர் பணத்தையும் மீனையும் ஒருங்கே இழப்பர்.

இம்மீன் எந்த ஆற்றிலும் இயற்கையாய்த் தோன்றியதன்று. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த சிக்ளிட் மீன்கள் சிலவற்றையும், தைவானில் உண்டாக்கப்பட்ட பிளட் பாரட் என்னும் கலப்பினத்தையும் இணைத்து, 1990-க்குப் பிற்பட்ட பத்தாண்டுகளில் மலேசியாவில் இது உருவாக்கப்பட்டது. கலப்பின மக்காச்சோளத்தின் விதையை எடுத்து மீண்டும் விதைத்தால் பயிர் ஒரே சீராய் அமையாதது போலவே, இதன் குஞ்சுகளும் தாய் தந்தையை ஒத்திருப்பதில்லை. ஆண் மீன்களிற் பல மலடாயிருப்பதும் உண்டு.

தொட்டியின் அளவு

கடையில் விற்கப்படும் குஞ்சு இரண்டு அங்குலமே இருக்கும். அதைக் கண்டு சிறு தொட்டி வாங்குவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. தென்னங்கன்றை நடுபவர் கன்றின் அளவைப் பாராமல், மரம் விரியும் இடத்தைக் கருதி 25 அடி இடைவெளி விடுகின்றார். மீன் தொட்டிக்கும் அதுவே விதி. இம்மீன் ஓராண்டுக்குள் ஒரு சாண் அளவை எட்டக்கூடியது. முழு வளர்ச்சியில் ஏறக்குறைய 12 அங்குலம் இருக்கும். நன்கு பேணினால் பத்தாண்டு வரையிலும் உயிர் வாழும்.

ஆகவே ஒரு மீனுக்கு 4 அடி நீளமும், 1½ அடி அகலமும், 1½ அடி உயரமும் உள்ள தொட்டியே குறைந்த அளவாகும். இதன் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் வீதம் சுமார் 250 லிட்டர் ஜலம் கொள்ளும். இயன்றவர் அகலத்தை 2 அடியாக்குதல் நலம். மீன் தடையின்றித் திரும்புவதற்கு உயரத்தைவிட அகலமே உதவும். உருண்டைக் கண்ணாடிப் பாத்திரம் இம்மீனுக்கு ஒருபோதும் தகாது.

ஜலத்தின் தன்மை

இது மிகுதியாய்த் தின்று மிகுதியாய்க் கழிக்கும் மீன். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய விஷம். நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்குச் சுமார் ஒரு மாதம் பிடிக்கும். அதற்குமுன் மீனை விடுவது ஆபத்து. தொட்டி சிறிதாயின் விஷம் விரைவில் செறியும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றவேண்டும். குழாய் ஜலத்திலுள்ள குளோரினை நீக்கியும், கிணற்று ஜலத்தில் காற்றைச் செலுத்தியும் உபயோகித்தல் அவசியம். உஷ்ணநிலை 26 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பது ஏற்றது.

அமைக்கும் முறை

ஜலத்தின் எடை மட்டும் 250 கிலோ ஆகையால், தாங்கியும் தரையும் உறுதியாகவும் சமமாகவும் இருக்கவேண்டும். அடியில் தெர்மோகோல் பலகை இடுக. கண்ணாடி 10 மில்லிமீட்டர் தடிப்புள்ளதாயிருத்தல் நலம். வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால் பாசி படர்ந்து ஜலமும் சூடேறும். மீன் துள்ளி வெளியே விழாதபடி மூடி வேண்டும். சிமெண்டுத் தொட்டி கட்டுவோர், சுண்ணாம்புக் காரம் நீங்கும்வரை இரண்டு மூன்று வாரங்கள் ஜலத்தை நிரப்பி இறைத்துப் பின்னரே மீன் விடுக.

வளர்ந்த மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். பத்து மீன்களை வளர்த்து விற்க எண்ணுபவர், பத்துத் தொட்டிகளின் செலவைக் கணக்கிட்டே முதல் போடவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்த மீனை ஏரியிலோ கண்மாயிலோ விட்டுவிடுவது புண்ணியமன்று. ஊருக்குச் செய்யும் தீங்காகும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இவ்வாறு விடப்பட்ட பிளவர்ஹார்ன் அங்குள்ள நீர்நிலைகளில் குடிகொண்டுவிட்டது. நம் நாட்டிலும் 1952-ஆம் வருஷம் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபி மீன் என்னும் பெயருடன் எங்கும் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டது. ஏரி மீன் குத்தகையால் ஊருக்கு வரும் வருமானமும் இதனால் குறையக்கூடும். ஆதலின் வேண்டாத மீனை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்குமாறு அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துரைப்பாராக.

முதலில் இடம், அடுத்துத் தொட்டி, ஒரு மாதம் கழித்து மீன் என்னும் வரிசையைக் கடைப்பிடிப்பவருக்கு இத்தொழிலில் நஷ்டம் நேர்வது அரிது.