தாய்ப்பலகையை மாற்றும் முன்

நுழையும்முன்

வீட்டுக் கணினி பழையதாகிவிட்டால் முழுவதையும் மாற்ற வேண்டுமா? ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, கணினியின் உள்ளே இருக்கும் தாய்ப்பலகையையும் அதனோடு இணைந்த உறுப்புகளையும் அறிதல் வேண்டும். அவ்வறிவைத் தருவதாக அமைகிறது இப்பாடம்.

மதகும் பலகையும்

கல்லணையிலிருந்து கிழக்கே பாயும் காவிரியிலிருந்து, திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி ஆறு பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால்களும் வாய்க்கால்களிலிருந்து வயல்களும் நீர் பெறுகின்றன. தலைமதகு ஒன்றைப் புதிதாகக் கட்ட முனைபவர் மதகை மட்டும் அளந்தால் போதாது. வாய்க்காலின் மட்டத்தையும் அகலத்தையும் அளத்தல் வேண்டும். மட்டம் பொருந்தாவிடின், மதகு புதியதாயினும் கடைமடைக்கு நீர் சேராது.

தாய்ப்பலகையும் இத்தகையதே. அதில் பதிந்துள்ள மெல்லிய செம்புத் தடங்களின் வழியாகவே நுண்செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றிடையே தரவுகள் செல்கின்றன. எனவே, தாய்ப்பலகையை மாற்றுதல் என்பது ஓர் உறுப்பை மாற்றுதல் அன்று. உறுப்புகளுக்கு இடையேயான உறவையே மாற்றுதல் ஆகும்.

மாற்றம் தேவையா?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியை எதிர்பார்க்கிறது. இதனால் தாய்ப்பலகையை உடனே மாற்றவேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால், பல பலகைகளில் அவ்வசதி முன்னரே இருந்தும் பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கினாலே போதும். நுண்செயலி ஏற்கப்படாத பழைமையுடையதாயின் மட்டுமே வேறு வழி நாட வேண்டும்.

கணினி மெதுவாக இயங்குவது மட்டுமே குறை எனில், சுழலும் வன்தட்டிற்கு மாற்றாகத் திடநிலை வட்டைப் பொருத்துவதும் நினைவகத்தைக் கூட்டுவதும் குறைந்த செலவில் பயன் தரும். நோயறிந்து மருந்து கொடுத்தலே முறை.

பொருத்தம் காணல்

மாற்றுவதே முடிவாயின் நான்கு பொருத்தங்களை நோக்குதல் வேண்டும். முதலாவது, நுண்செயலி அமரும் தாங்கியின் வகை. இரண்டாவது, நினைவகத்தின் வகை. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இரண்டிற்கும் 288 இணைப்பு முனைகளே உள்ளன; ஆயினும், வெட்டு அமைந்த இடம் வேறாதலின் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மூன்றாவது, கணினிப் பெட்டியின் அளவு. நான்காவது, மின்வழங்கியின் ஆற்றலும் இணைப்புகளும். பலகையை மாற்றப் புகுந்தவர் நுண்செயலியையும் நினைவகத்தையும் சேர்த்தே வாங்க நேர்வது பெரும்பாலும் இதனாலேயே.

> தெரிந்து தெளிவோம்
> 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் பலகை அளவு முறையை அறிமுகப்படுத்தியது. அதன்படி முழுப் பலகையின் அளவு 305 × 244 மில்லிமீட்டர். இப்பொது அளவினால் ஒரு நிறுவனத்தின் பலகை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருந்துகிறது.

காக்க வேண்டியவை

உறுப்பு பழுதானால் விலைக்கு வாங்கலாம். பதிவுகளை வாங்க இயலாது. பட்டா, சிட்டா நகல்களை அரசின் இணையத்தளத்தில் மீண்டும் பெறலாம். மறைந்த பாட்டியின் குரற்பதிவை எங்குப் பெறுவது? ஆகவே, திருகாணியைத் தொடுமுன் பதிவுகளை வேறொரு வட்டில் படியெடுத்தல் வேண்டும்.

வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருப்பின் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. அதன் திறவுகோல் பெரும்பாலும் பழைய பலகையின் பாதுகாப்பு வசதியோடு பிணைந்திருக்கும். பலகை மாறியதும் கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதனை முன்னரே தாளில் எழுதி வைக்காதவர், வட்டு பழுதின்றி இருந்தும் அதனுள் நுழைய இயலாமல் நிற்க நேரிடும். கணினியோடு சேர்ந்து வந்த இயங்குதள உரிமமும் பழைய பலகையோடு முடிந்துவிடலாம்.

மாற்றும் முறை

மின்கம்பியை அகற்றிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை நீக்குதல் வேண்டும். இணைப்புகளைக் கழற்றுமுன் படம் எடுத்து வைத்தல் நலம். பலகையைத் தாங்கும் பித்தளைத் திருகுகள் உரிய துளைகளுக்கு நேராகவே அமைதல் வேண்டும். இடம் மாறினால் பலகையின் அடிப்புறம் உலோகத்தில் பட்டு மின்குறுக்கு ஏற்படும். நுண்செயலியின் மேல் வெப்பக் களிம்பைப் புதிதாக இட்டுக் குளிர்விப்பானைப் பொருத்துதல் வேண்டும்.

பழையதன் போக்கு

கழற்றிய பலகையைக் குப்பையில் எறிதல் கூடாது. பழைய பலகைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. செம்பிற்காக அவற்றை எரிக்கும்போது எழும் புகை நச்சுடையது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும் வகையில் பலகையை ஒப்படைத்தல் நம் கடமை.

புதியதை வாங்கும் ஆர்வம் இயல்பானது. எது தேவை, எது பொருந்தும், எதைக் காக்க வேண்டும் என முறையே வினவிய பின் செய்யும் மாற்றமே பயன் தரும் மாற்றமாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியின் நுண்செயலி, நினைவக வகை ஆகியவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. ‘விலைக்கு வாங்க இயலாத பதிவுகள்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.