பாட்டிமார் சொல்லாத போர்க்கதை

போர் என்றதும் படைத்தலைவர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. வரலாற்று நூலில் பெயர் இடம்பெறாத எளிய மக்களும் அந்நாளில் அரும்பணி ஆற்றினர். அவர்களுள் தமிழ்ப் பெண்களும் உண்டு.

நம் வத்திராயிருப்பு மலையடிவாரத்து ஊர். இரண்டாம் உலகப் போரில் இங்கே பீரங்கி முழங்கவில்லை. ஆயினும் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றோர் பலர். போர் அவர்கள் வாசலுக்கே வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களும் சேர அழைப்பு விடுத்தார். ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் இலட்சுமி தலைமை ஏற்றார். அக்டோபர் 22ஆம் நாள் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பலர் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தையே காணாதவர்களும் இருந்தனர். அவர்கள் துப்பாக்கி ஏந்தக் கற்றனர். சிலர் தாதியராகிக் காயமுற்றோரைப் பேணினர்.

1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. விமானத் தாக்குதலுக்குத் தப்ப, பகலில் மறைந்திருந்து இரவில் நடந்தனர். ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் ஊர் திரும்பும் வழியில் இரயில் தாக்கப்பட்டபோது உயிர்நீத்தனர். நம் வகுப்பில் ஆசிரியை நாள்தோறும் அழைக்கும் பெயர்கள் அல்லவா இவை!

கேப்டன் இலட்சுமிக்கு 1998இல் பத்ம விபூஷண் விருதும், அப்படையின் மற்றோர் அதிகாரியான மலேசியாவின் ஜானகிக்கு 2000இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. மற்றவர்களோ தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் திரும்பினர். மலேயாவில் மீண்டும் ஆங்கிலேயர் ஆட்சி வந்துவிட்டது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்றதை வெளியே சொல்வது எளிதன்று. பிற்காலத்திலோ, கேட்பார் இல்லை.

அன்று பதினாறு வயதுப் பெண் இன்று இருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பார். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் நம் வீடுகளில் பாட்டியாக, தாத்தாவாக இருக்கக்கூடும்.

ஆகவே தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நம் குடும்பத்தில் மலேயா, பர்மா சென்றவர் யார்? போர்க்காலத்தில் என்ன செய்தார்? சயாம் இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர் உண்டா? பழைய கடிதமோ புகைப்படமோ பெட்டியில் இருக்கிறதா? விடைகளை ஊரும் ஆண்டும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது "அதெல்லாம் பழங்கதை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாம் எழுதாவிட்டால் அந்த வரலாற்றை எழுத வேறு யாரும் இல்லை.