வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா?

அன்புள்ள மலருக்கு,

உறவில் நடக்கும் வன்முறை பெரும்பாலும் அடியில் தொடங்குவதில்லை. முதல் அடி விழுவதற்குப் பல மாதங்கள் முன்பே, சில இடங்களில் பல ஆண்டுகள் முன்பே, ஒருவர் மற்றவருடைய நேரத்தையும் நட்பையும் பணத்தையும் முடிவுகளையும் தன் பிடிக்குள் கொண்டுவரத் தொடங்கியிருப்பார். அந்தப் பிடி இறுகுவதை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள முடியும். அதற்கான அடையாளங்களை இளம் வயதிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது உயிர்காக்கும் அறிவு.

சண்டை எல்லா உறவிலும் வரும். இருவரும் குரலை உயர்த்தலாம், ஒரு வேளை முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். ஆனால் சண்டை முடிந்த பிறகு இருவராலுமே தங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்ல முடியும். ஒருவருக்கு மற்றவர் மீது பயம் இருக்காது. வன்முறை உள்ள உறவில் பயம் எப்போதும் ஒரே பக்கம் இருக்கும். ஒருவர் முடிவெடுப்பார், மற்றவர் அவர் முகத்தைப் பார்த்து நடந்துகொள்வார்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் அபூர்வம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுவரை உள்ள, திருமணமான பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது சுமார் 38 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாட்டளவில் ஏறத்தாழ 14 சதவீதம் மட்டுமே. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பெண்கள் என்றாலும், ஆண்களும், ஒரே பாலின உறவில் இருப்பவர்களும் பாதிக்கப்படுவதுண்டு. அடையாளங்கள் எல்லோருக்கும் பொதுவானவை.

இந்த அடையாளங்களை முறைப்படி தொகுத்த முயற்சிகளில் முக்கியமானது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள துலூத் நகரில் 1980-களில் நடந்தது. அடிபட்ட பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்ன அனுபவங்களிலிருந்து அங்கு ஒரு சக்கரப் படம் உருவாக்கப்பட்டது. மிரட்டல், அச்சுறுத்தல், மனத்தைப் புண்படுத்துதல், தனிமைப்படுத்துதல், நடந்ததை மறுத்துப் பழியைத் திருப்புதல், குழந்தைகளைப் பகடையாக்குதல், ஆண் என்ற அதிகாரத்தைக் காட்டுதல், பணத்தைக் கட்டுப்படுத்துதல் என எட்டு ஆரங்கள். நடுவில் இருப்பது அதிகாரமும் கட்டுப்பாடும். உடல் அடியும் பாலியல் வன்முறையும் இந்த எட்டையும் சுற்றி வளைத்து இறுக்கும் வெளி வட்டம். அடி எப்போதாவது விழும். மற்ற எட்டும் அன்றாடம் நடக்கும்.

முதல் அடையாளம் வேகம். பழகிய சில வாரங்களிலேயே ‘நீ இல்லாமல் வாழ முடியாது’ என்ற பேச்சு, நாள் முழுக்க மெசேஜ், அடுக்கடுக்காகப் பரிசுகள், வீட்டுக்குத் தெரியாமல் உடனே பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்ற வற்புறுத்தல் ஆகியவை பிரியத்தின் அளவைக் காட்டுவதாகத் தோன்றலாம். ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிரியம் உள்ளவர் காத்திருப்பார். கட்டுப்படுத்த நினைப்பவருக்குக் கோபம் வரும், அல்லது ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று குற்ற உணர்ச்சியைத் தூண்டுவார்.

பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணத்தில் இதே அடையாளங்கள் நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் தெரியும். மாப்பிள்ளை இரவில் மணிக்கணக்கில் பேசுகிறார். ஒரு முறை போனை எடுக்காவிட்டால் இருபது அழைப்புகள் வருகின்றன. அலுவலகத்தில் யாரோடு சாப்பிட்டாய், அந்தப் போட்டோவை ஏன் போட்டாய், இந்தச் சுடிதார் இனி வேண்டாம் என்று விசாரணை வளர்கிறது. வேலையை எப்போது விடப்போகிறாய் என்ற கேள்வியும் சேர்கிறது. பெண் வீட்டில் சொன்னால், ‘உன்மேல் எவ்வளவு ஆசை பார்’ என்றோ ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்றோ பதில் வருகிறது. திருமணத்துக்குப் பிறகு கண்காணிக்க வசதி கூடுமே தவிர, கண்காணிக்கும் குணம் குறைவதில்லை. பத்திரிகை அச்சடித்த பிறகும் திருமணத்தை நிறுத்தலாம். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் ஓர் உயிரைவிடப் பெரிய தொகை ஆகாது.

இரண்டாவது, பொறாமையை அன்பு என்று காட்டுவது. ‘அவன் ரொம்ப பொசசிவ்’ என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லப்படும் பல செயல்கள் உண்மையில் சந்தேகம்தான். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதையும், கடைசியில் அவள் மனம் மாறுவதையும் தமிழ்ப் படங்கள் காதலாகவே பல ஆண்டுகள் காட்டிவந்தன. சட்டத்தின் பார்வையில் அப்படிச் சுற்றுவது குற்றம். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், அவளுடைய இணையம், மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு உரியவை.

மூன்றாவது, தனிமைப்படுத்துதல். இது நேரடித் தடையாக வருவது அரிது. ‘உன் பிரெண்டு சரியில்லை’, ‘உன் அக்கா நம்மைப் பிரிக்கப் பார்க்கிறாள்’ என்ற பேச்சுகளாக வரும். தோழியின் திருமணத்துக்குப் போய் வந்தால் இரண்டு நாள் சண்டை நடக்கும். சண்டைக்குப் பயந்து, போவதை அவளே நிறுத்திவிடுவாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பேசுவதற்கு அவனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

நான்காவது, கைபேசி வழியாக வரும் கட்டுப்பாடு. பாஸ்வேர்டு கேட்பது, லொகேஷனை எப்போதும் திறந்துவைக்கச் சொல்வது, வீடியோ கால் போட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது, ‘ஆன்லைனில் இருந்தாய், ஏன் பதில் போடவில்லை’ என்று கேட்பது எல்லாம் இதில் அடங்கும். அந்தரங்கப் படங்களை அனுப்பச் சொல்லி வற்புறுத்துவதும், பிறகு அவற்றை வெளியிடுவதாக மிரட்டுவதும் இதன் கொடிய வடிவம்.

ஐந்தாவது, பணம். சம்பளம் வரும் கணக்கின் ஏடிஎம் அட்டை கணவர் கையிலோ மாமியார் கையிலோ இருக்கும். பேருந்துக் கட்டணத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நகை அடகுக்குப் போகும்; அவள் பெயரில் கடன் வாங்கப்படும். பிறந்த வீட்டிலிருந்து இன்னும் வாங்கிவரச் சொல்வதும் இதே வரிசைதான். கையில் பணம் இல்லாத ஒருவரால் எளிதில் வெளியேற முடியாது என்பதே இதன் விளைவு.

ஆறாவது, சொல்லால் குறைத்தல். நிறம், உடல் பருமன், படிப்பு, சாதி, பெற்றோரின் வசதி என்று எதையாவது பிடித்து மட்டம் தட்டுவது. வருத்தப்பட்டால் ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்பது. நேற்று சொன்னதை இன்று ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் புத்தி சரியில்லை’ என்று மறுப்பது இதைவிட ஆபத்தானது. தொடர்ந்து இப்படிக் கேட்பவர் தன் நினைவையே சந்தேகிக்கத் தொடங்குவார்.

ஏழாவது, அடிக்கு முந்தைய முரட்டுத்தனம். சுவரில் குத்துவது, போனை வீசி உடைப்பது, சண்டையின்போது வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, அறையை விட்டு வெளியேற விடாமல் வாசலை மறித்து நிற்பது, வளர்ப்பு நாயை அடிப்பது. ‘கோபம் வந்தால் அவனுக்குக் கட்டுப்பாடே இல்லை’ என்று சொல்வார்கள். ஆனால் அதே ஆள் மேலதிகாரி திட்டும்போது கை ஓங்குவதில்லை. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் பணிவாகப் பேசுகிறார். யாரிடம் கோபத்தைக் காட்டலாம் என்பதை அவர் நன்றாகவே அறிவார். ‘குடித்தால்தான் அடிப்பான், மற்றபடி தங்கமானவன்’ என்பதும் இப்படிப்பட்டதே. குடி அடியைக் கடுமையாக்கும். ஆனால் சந்தேகமும் பணக் கட்டுப்பாடும் குடிக்காத நாளிலும் தொடர்கின்றன என்றால் குடியை மட்டும் நிறுத்துவது போதாது.

பாலுறவில் வற்புறுத்துவதும், கருத்தடையைத் தடுப்பதும், கருக்கலைப்புக்குக் கட்டாயப்படுத்துவதும் வன்முறையே. காதலோ திருமணமோ நிரந்தரச் சம்மதம் ஆகிவிடாது.

அடி விழுந்த பிறகும் பலர் ஏன் உடனே விலகுவதில்லை என்பதற்கு உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் ஒரு விளக்கம் தந்தார். முதலில் வீட்டில் இறுக்கம் கூடும். பிறகு வன்முறை வெடிக்கும். அதன்பின் மன்னிப்பும் கண்ணீரும் பரிசுமாக ஓர் இனிய காலம் வரும். அந்த இனிய காலத்தில் காணும் மனிதரே உண்மையானவர் என்று நம்பத் தோன்றும். பிறகு இறுக்கம் மறுபடி தொடங்கும். எல்லா உறவும் இந்த ஒழுங்கில் போவதில்லை. சில வீடுகளில் மன்னிப்பு வருவதே இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்ட பிறகும் அதே செயல் திரும்ப வருகிறது என்றால் கணக்கில் எடுக்க வேண்டியது செயலைத்தான். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழி எத்தனையோ பெண்களை இந்தச் சுழற்சிக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சில அடையாளங்கள் உயிருக்கே ஆபத்து என்று எச்சரிப்பவை. அவற்றில் முதன்மையானது கழுத்தை நெரிப்பது. துணைவர் ஒருமுறையாவது கழுத்தை நெரித்திருந்தால், அந்தப் பெண் பின்னாளில் அவரால் கொல்லப்படும் அபாயம் 7 மடங்குக்கு மேல் என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. வெளியே தடம் எதுவும் தெரியாமலேயே உள்காயம் இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், கத்தியையோ பெட்ரோலையோ அமிலத்தையோ காட்டுவது, கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, ஓயாமல் பின்தொடர்வது ஆகியவையும் இந்த வகை. பிரிந்துபோவதாகச் சொல்லும் நேரமும் பிரிந்த முதல் சில வாரங்களும் மிக ஆபத்தானவை; பிடி நழுவுகிறது என்று தெரியும்போதுதான் வன்முறை உச்சத்துக்குப் போகிறது. அதனால் ‘கடைசியாக ஒரே ஒரு முறை தனியாகச் சந்திக்கலாம்’ என்ற அழைப்பை ஏற்கக் கூடாது.

‘நீ விட்டுப் போனால் செத்துவிடுவேன்’ என்பதும் ஒரு பிடிதான். அந்த மிரட்டலை அலட்சியப்படுத்தவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம். அவருடைய குடும்பத்துக்குத் தெரிவிக்கலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சொல்லலாம். அவர் உயிரைக் காக்கும் பொறுப்பைத் தன் வாழ்க்கையைக் கொடுத்து ஒரு பெண் சுமக்க வேண்டியதில்லை.

எதிரில் இருப்பவரைக் கவனிப்பது போலவே தன்னுள் நிகழும் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். போன் மணி அடித்தால் வயிறு கலங்குவது, சின்ன விஷயத்துக்கும் பொய் சொல்லத் தொடங்குவது, அவன் செய்ததை மற்றவரிடம் மறைப்பது, எப்போதும் தானே மன்னிப்புக் கேட்பது, பிடித்த பாட்டும் படிப்பும் விளையாட்டும் ஒவ்வொன்றாக விலகிப்போவது ஆகியவை பயத்தின் தடயங்கள். இத்தனை அடையாளங்களையும் ஒரே கேள்வியில் அடக்கலாம்: இந்த உறவில் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் என்ன நடக்கிறது? மறுப்பைக் கேட்டு வருந்தினாலும் மதிப்பவரோடு வாழலாம். ஒவ்வொரு மறுப்புக்கும் தண்டனை கிடைக்கிறது என்றால் அங்கே கட்டுப்பாடு வேரூன்றிவிட்டது.

அடையாளங்கள் தெரிந்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. நம்பிக்கையான ஒருவரிடமாவது நடந்ததைச் சொல்ல வேண்டும். மிரட்டல் செய்திகளை அழிக்காமல், அவன் கைக்கு எட்டாத இடத்தில் நகல் வைக்க வேண்டும். காயங்களைப் படமெடுத்துத் தேதியோடு குறித்துவைக்கலாம். சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம், கொஞ்சம் பணம் ஆகியவை உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். வெளியேறும் திட்டத்தை, அவன் பார்க்கக்கூடிய போனில் பேசக் கூடாது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005’ உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வகைத் துன்புறுத்தலையும் வன்முறை என்கிறது. மனைவிக்கு மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, மகள், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண் ஆகியோருக்கும் இது பொருந்தும். நடுவர் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணையும், அதே வீட்டில் வசிக்கும் உரிமையும், பணமும், குழந்தைகளின் பொறுப்பும் வழங்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. மாவட்டந்தோறும் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு 15100. ஆபத்து நேரத்தில் 112, பெண்கள் உதவிக்கு 181, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், காவல், சட்டம், ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்தும் ஓரிடத்தில் கிடைக்கும்.

பாதிக்கப்பட்டவர் தோழியாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது அவளை நம்புவது. ‘ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டாய்’ என்று கேட்டால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். ‘இது உன் தப்பு இல்லை, என்ன உதவி வேண்டும்’ என்று கேட்டால் தொடர்ந்து பேசுவாள். அவனிடம் நேரே போய்ச் சண்டையிடுவது அவளுக்கே ஆபத்தாக முடியலாம். பலர் ஒரே முறையில் வெளியேறிவிடுவதில்லை. விலகி, திரும்பிப் போய், மறுபடி விலகுகிறார்கள். அவள் திரும்பிப் போனாலும் தொடர்பை அறுத்துக்கொள்ளாத ஒரு தோழி இருந்தால், அடுத்த முறை வெளியேறும்போது அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கும்.

அன்புடன்,
அத்தை